ஒரே சீட்டு

நெமிலியில் சுகர் வைத்தியம் சரியில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிச் சுங்கச்சாவடி இருக்கும் நெமிலி அல்ல. அங்கே காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு ஒன்று, பத்துச் சக்கர வண்டிக்கு ஒன்று என்று வண்டி பார்த்து வசூலிக்கிறார்கள். என் நெமிலி அரக்கோணம் பக்கம், குசஸ்தலை ஆற்றங்கரையில், பாலா பீடம் உள்ள நெமிலி; ராணிப்பேட்டை மாவட்டத்தில் தாலுகா ஆபீஸ் உள்ள ஊர். இங்கே டாக்டரிடம் யார் போனாலும் ஒரே நீதி. மெட்ஃபார்மின் 500-உம் கிளிமெபிரைடு 1-உம் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கூடவே அச்சடித்த உணவுத் தாள் ஒன்று. ஆளுக்கு ஆள் பேதம் கூடாது என்று இந்த நாட்டில் எத்தனையோ பெரியவர்கள் தொண்டை வறளப் பேசினார்கள். எங்கள் டாக்டரின் சீட்டில் அது எப்போதோ நடந்துவிட்டது. அதற்காக ஓர் ஊர்வலம்கூடப் போகவில்லை.

எங்கள் தெருவில் நான்கு பேர் அவரிடம் போகிறோம். ஒருவன் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் ஈரத் தோலைத் தூக்கி டிரம்மில் போடுகிற தம்பி. முப்பத்திரண்டு வயது, ஒல்லி. பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் குத்திப் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறான். இன்னொருவர், எழுபது தாண்டித் தனியாகக் குடியிருக்கும் ஆயா. மூன்றாவது, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூவுக்கு அப்பர் தைத்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிற தங்கச்சி. நான்காவது நான். உட்கார்ந்து பார்க்கிற வேலை, முன்னால் தள்ளிய வயிறு, நேரத்துக்குச் சாப்பாடு, எதிர்த்துப் பேசாத கிட்னி. சீட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. எனக்குப் பொருந்துவது மற்றவர்களுக்கு ஏன் பொருந்தாது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

முதலில் தம்பியின் விஷயம். உணவுத் தாளின் மேலே கொட்டை எழுத்தில் 'உடல் எடையைக் குறைக்கவும்' என்று போட்டிருக்கிறது. தம்பி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. குறைத்தான். பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது அதனால்தான். இரண்டாவது முறை போனபோது சுகர் இன்னும் ஏறியிருந்தது; அதே மாத்திரையை விடாமல் போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை, வாயைக் கட்டவில்லை என்று திட்டு. "இன்னா ணா, இருக்கிறதே நாப்பத்தாறு கிலோ, இன்னும் எங்க கொறைக்கிறது?" என்று என்னிடம் கேட்டான். தாளில் எழுதியிருப்பதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

இந்த மாதிரி ஒல்லி ஆட்களுக்கு வரும் சுகர் வேறு வகையாக இருக்கலாம் என்று சிலர் ரொம்ப நாளாக வம்பு செய்துகொண்டிருக்கிறார்கள். 1955-இல் ஜமைக்காவில் ஹ்யூ-ஜோன்ஸ் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தார். 1985-இல் உலக சுகாதார நிறுவனமே மயங்கிப்போய், ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்ந்த நீரிழிவு என்று தனி வகை ஒன்றைப் பட்டியலில் சேர்த்தது. நல்ல வேளையாக 1999-இல் புத்தி வந்து எடுத்துவிட்டது. பட்டியலிலிருந்து ஒரு நோயை எடுத்துவிட்டால் அது வயிறு காய்ந்தவன் உடம்பை விட்டும் போய்விடும் என்பது பெரிய இடத்து வைத்திய முறை. அதோடு விட்டிருக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் நிகால் தாமஸ் முதலானவர்கள் விடவில்லை. நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸோடு சேர்ந்து, ஒல்லி நோயாளிகளைப் படுக்கவைத்து ஊசிமேல் ஊசி போட்டு அளந்தார்கள். 2022-இல் அவர்கள் எழுதியது இது: இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதே குறைவு. வழக்கமான டைப் 2 ஆளைப் போல இருக்கிற இன்சுலின் வேலை செய்யாமல் போகிற கதை இல்லை. கல்லீரலில் கொழுப்பும் அவ்வளவு இல்லை. 2025 ஜனவரியில் வேலூரிலேயே கூடிப் பேசினார்கள். அந்த ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு 'டைப் 5' என்று பெயர் வைத்துவிட்டது. உலகத்தில் இரண்டரைக் கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள்.

வேலூர் இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர். அங்கே தெரிந்துகொண்ட சங்கதி நியூயார்க் போய், பாங்காக் போய், உலகமெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. காவேரிப்பாக்கம் தாண்டி எங்கள் ஊருக்கு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை. இதை நான் பாராட்டுகிறேன். வந்திருந்தால் தம்பிக்கு இருப்பது அதுதானா என்ற சந்தேகம் கிளம்பும். அப்புறம் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க சி-பெப்டைடு டெஸ்ட் எடு, சின்ன வயதில் என்ன சாப்பிட்டாய் என்று கேள், எடையைக் குறைக்காதே, கூட்டு என்று சொல். அச்சடித்து வைத்திருக்கும் அத்தனை தாளையும் என்ன செய்வது?

சென்னையிலும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் 2020-இல், 19,084 பேரின் விவரங்களை அலசி, நம் நாட்டு டைப் 2 என்பதே நான்கு வகை என்றார்கள். இன்சுலின் சுரப்பு ரொம்பக் குறைந்தவர்கள், உடல் பருத்து இன்சுலின் வேலை செய்யாதவர்கள், இரண்டு குறையும் சேர்ந்தவர்கள், வயதான பின் லேசாக வருகிறவர்கள். நான்கும் நான்கு போக்கு. கண்ணும் கிட்னியும் கெடுகிற வேகம்கூட ஒன்றுபோல் இல்லையாம். எங்கள் தெருவில் நாங்களும் நான்கு பேர். எங்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தால் அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கே தங்கள் தப்பு தெரிந்துவிடும்: நான்கு பேர் கையிலும் ஒரே சீட்டு.

ஆயாவுக்குச் சுகர் அருமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூன்று மாத சராசரி 6.2. டாக்டர் கைதட்டாத குறை. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "நைனா, கண்ணு இருட்டுதுடா" என்று என் கதவைத் தட்டுகிறார். சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. பகலில் கேழ்வரகுக் களி ஒரு வேளை, ராத்திரிக்குப் பல நாள் ஒன்றுமில்லை. மாத்திரையை மட்டும் மறப்பதே இல்லை. கிளிமெபிரைடு சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும். வயதான கிட்னி அதைச் சீக்கிரம் வெளியேற்றவும் செய்யாது. வயதானவர்களுக்கு, தனியாக இருப்பவர்களுக்கு, எட்டு வரைக்கும்கூட விட்டுப் பிடிக்கலாம் என்று வெளிநாட்டுச் சங்கங்கள் எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2012-இலேயே சேர்ந்து அறிக்கை விட்டு, ஆள் பார்த்து இலக்கு வையுங்கள் என்றன. வட அமெரிக்காவில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய அக்கார்டு ஆய்வில், சுகரை இழுத்துப் பிடித்த பிரிவில் சாவு கூடுதலாக இருக்கிறது என்று 2008-இல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தைரியம் போதாது. எங்கள் ஆயா இன்னும் நிறுத்தவில்லை.

2025-இல் சீட்டில் ஒரு புது வரி சேர்ந்தது. சர்க்கரையை மூத்திரத்தில் இறக்கிவிடுகிற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்து என்று பெயர் வாங்கியது. அந்த மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை மளமளவென்று சரிந்தது. நல்லது விலை குறைந்தால் நாலு பேருக்கும் கொடுப்பதுதானே முறை? கொடுத்தார்கள். எனக்கு அது பரம சுகம். வயிறு இரண்டு விரற்கடை உள்ளே போனது. தம்பிக்கும் எடை குறைந்தது, அதுதான் அவனுக்குத் தலையெழுத்தாயிற்றே. ஆயா ராத்திரியில் நான்கைந்து தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போகிறார், நல்ல நடைப்பயிற்சி. தங்கச்சி கதைதான் கொஞ்சம் நீளம். அவள் லைனில் டார்கெட் உண்டு. மெஷினை விட்டு எழுந்தால் பின்னால் ஜோடி குவியும், சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார். அதனால் அவள் வருஷக் கணக்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்து வைத்திருக்கிறாள். மாத்திரை அவளை மணிக்கொரு தரம் எழுப்பப் பார்க்கிறது; வேலை உட்காரவைக்கிறது. நடுவில் அரிப்பும் எரிச்சலும் வந்து, அதை ஆம்பளை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு வாங்கிச் சமாளிக்கிறாள். என்ன வேலை செய்கிறாய், பாத்ரூமுக்குப் போக விடுவார்களா என்று ஒரு பெண்பிள்ளையிடம் கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய நாகரிகம்!

உணவுத் தாளைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். காலை ஓட்ஸ். பதினோரு மணிக்கு மோரும் வெள்ளரிப் பிஞ்சும். மதியம் ஒரு கப் சாதம், இரண்டு கப் காய். மாலையில் ஓர் ஆப்பிள். இரவு இரண்டு சப்பாத்தி. இதைப் படிக்கும்போதே ஒரு நல்ல குடும்பம் கண்முன் வருகிறது: வீட்டில் சமைக்க ஆள், பதினோரு மணிக்கு வெள்ளரி நறுக்க ஓர் ஆள், மாலை நாலு மணிக்கு வீட்டிலேயே இருக்கும் நோயாளி. தம்பி பதினோரு மணிக்கு டிரம் பக்கத்தில் நிற்கிறான். அரிசி அட்டைக்கு மாதாமாதம் அரசாங்கம் அரிசியை இலவசமாகத் தருகிறது; தாள் அரிசியைக் குறை என்கிறது. இருவர் சொல்வதையும் கேட்க வேண்டுமே என்று வீட்டுப் பெண்கள் அரிசியைப் பொங்கி, சாப்பிடும்போது கவலைப்படுகிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. 2025-இல் வந்த இன்டியாப் என்ற நீரிழிவு ஆய்வு, நம்மவர்கள் சாப்பாட்டில் நூற்றுக்கு 62 பங்கு சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ கேழ்வரகு மாவையோ வைத்தால் மட்டும் ஆபத்து குறைந்துவிடாது, மொத்த மாவுச்சத்தைக் குறைத்துப் பருப்பு, முட்டை மாதிரிப் புரதத்தைக் கூட்டு என்றது. வட ஆற்காட்டுக்காரன் தலை அளவு களி உருண்டையை 'சுகருக்கு நல்லது' என்று கருவாட்டுக் குழம்பில் முக்கி விழுங்குவதை இந்த ஆராய்ச்சியெல்லாம் தடுத்துவிட முடியுமா?

வீட்டில் சுகர் பார்க்கிற மெஷினும் எங்களிடம் உண்டு. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஔவைதான் நினைவுக்கு வருவார். அதியமானுக்காகத் தூது போய், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் புகழ்ந்தாரே, அந்தப் புறநானூற்றுச் சங்கதி. மாலை சூட்டி, எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்த வேல்களைப் பார்த்து அவர் சொன்ன புகழ்ச்சி தொண்டைமானுக்கு எங்கே குத்தியதோ, தெரியாது. தொண்டைமானின் காஞ்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். பழக்கமும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. என் மெஷின் ஜிப் வைத்த கறுப்புப் பையில் கீறல் விழாமல் இருக்கிறது. ஆயுத பூஜையன்று என் பெண் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்ட்ரிப்பு காலாவதியாகிவிட்டது. அப்படியே யாராவது பார்த்து, சாப்பிடும் முன் இவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாலும், அந்த நோட்டைத் திறக்க நேரம் வேண்டுமே. ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம் என்பது எங்கள் டாக்டரின் கணக்கு. நோட்டை மேசைமேல் வைத்தால் அதன்மேலேயே சீட்டை எழுதிக் கொடுப்பார். அட்டை கெட்டியாக இருப்பது எழுத வசதி.

காலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தோல் பிரதேசத்தில் பிறந்ததற்கு அர்த்தமில்லை. சுகர்க்காரனின் கால் மரத்துப்போகும், ஆணி குத்தினாலும் தெரியாது, புண் வந்தால் ஆறாது, கடைசியில் விரலை எடுப்பார்கள் என்பதெல்லாம் ஊரறிந்தது. ஆனால் மரத்துப்போன காலுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்கிற வித்தைக்கு எங்கள் மண்ணிலும் ஒரு வேர் உண்டு என்பதை யாரும் பெருமையடித்துக்கொள்வதில்லை, அவ்வளவு அடக்கம். 1946-இல் வேலூருக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை; உணர்ச்சி செத்த காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் புண்ணாகிறது என்று பார்த்துச் சொன்னவர். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி ஆராய்ச்சி மையம் 1955-இல் வந்தது. அங்கேயும் வேலூரிலும் அந்தக் கால்களுக்காக நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பைச் செய்து பார்த்தார்கள். எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று ஒவ்வொரு காலாகப் பார்த்து, அந்தக் காலுக்கு மட்டும். 1960-களில் பிராண்ட் அமெரிக்கா போனபோது இந்தப் பாடமும் கூடவே போய், அங்கே சுகர்க்காரர்களின் காலுக்கும் உதவியது. வைத்தியத்தை ஆள் பார்த்துச் செய்வது எப்படி என்று அமெரிக்காவுக்கே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. இனி நாங்கள் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

தங்கச்சி தைக்கிற அப்பர் ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே இருக்கிறவன் காலுக்கு அரை சைஸ் தப்பினாலும் ஜோடியைத் திருப்பி அனுப்பிவிடுவான். அவள் காலில் இருப்பது பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு ஒன்று இருக்கிறது. 'வலிக்கலயே ணா' என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். எங்கள் தாலுகாவிலேயே, பனப்பாக்கம் சிப்காட்டில், தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். உலகத்தின் கால்களுக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. டாக்டர் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எங்கள் யார் காலையும் தொட்டதில்லை. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்கிறார்கள். படித்தவர், பெரிய மனிதர், எங்கள் காலைத் தொடலாமா? செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவது எங்கள் மரியாதை. குனியாமல் இருப்பது அவர் மரியாதை.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நிஜமாகவே பெரிய காரியம், 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, மனதாரச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஆயா ராத்திரி சாப்பிடுவதில்லை, தம்பி இளைத்துக்கொண்டே போகிறான், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வரை. ஆனால் அவர் கையில் இருப்பது மாத்திரைப் பை, சீட்டை மாற்றுகிற பேனா அல்ல. தெரிந்தவரிடம் பேனா இல்லை, பேனா வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை. இப்படி அதிகாரத்தைப் பிரித்து வைத்தால்தான் தப்புத்தண்டா நடக்காது.

தனிப்பட்ட கவனிப்பே எங்களுக்குக் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். திட்டு ஆளுக்கு ஆள் வேறு. என்னிடம் 'பிரியாணியைக் குறைங்க சார்', தம்பியிடம் 'குடிக்கிறியா?'; தங்கச்சியிடம் 'வீட்ல மிச்சம் மீதியெல்லாம் நீயே சாப்பிடறியா?', ஆயாவிடம் 'பாட்டி, ஸ்வீட் திருடித் தின்றீங்களா?' நால்வருக்கும் நான்கு விதம். சீட்டுக்கு இல்லாத யோசனையெல்லாம் அதில் இருக்கிறது. சுகர் குறையாவிட்டால் அந்தப் பழியும் அவரவருக்கே தனித்தனியாக வந்து சேர்கிறது.

இடையில் எங்கள் டாக்டர் வெளியூர் போயிருந்தபோது ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். அந்தக் கொஞ்ச நாளில் ஊர் பட்ட பாடு! எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், என்ன வேலை, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கல்யாணத் தரகர் மாதிரி விசாரித்தார். தம்பியிடம், இனி எடையைக் குறைக்காதே என்று சொல்லி, வேலூருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆயாவின் இரவு மாத்திரையை அடித்துவிட்டு, காலை மாத்திரையையும் மாற்றினார். தங்கச்சியின் செருப்பைக் கழற்றச் சொல்லி, தரையில் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்; அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். ஒருவருக்குப் பத்து நிமிஷம். வெளியே பெஞ்சு நிரம்பி, மாடிப்படி நிரம்பி, "இன்னாமே உள்ள கதை பேசினு கீறாங்க" என்று சத்தம். பக்கத்து மெடிக்கல்காரரும் முகத்தைச் சுளித்தார். நான்கு பேருக்கு நான்கு விதமாக எழுதினால் அவர் எத்தனை பெட்டிதான் திறப்பார்? ஆயாவும் அந்த நாட்களில் என் கதவைத் தட்டவில்லை. எனக்கே தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

அந்தம்மா மேல்படிப்புக்குப் போய்விட்டார். பழைய டாக்டர் திரும்பி வந்து, பழைய சீட்டும் வந்துவிட்டது. தம்பியின் வேலூர்க் கடிதம் ரேஷன் கார்டுக்குள் மடித்து இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். இப்போதெல்லாம் மற்ற மூவரும் நேரில் வருவதே இல்லை. மாதக் கடைசியில் நான் ஒருவன் போய், எனக்கு எழுதுவதையே நான்கு பேருக்கும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.